விதைப்பாடம்

"பிறகு" என்றது பொறுப்பன்.

கண் மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்தில் கோகிலவாணி வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். வலி இல்லை. வலித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. காலையில் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு வாலிபால் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தக் கண்ணின் ஓரத்தில் மின்னல்போல வெட்டியது. கரும்புள்ளிகள் மிதந்தன. அடுத்து, கீழிருந்து ஒரு கறுப்புத் திரை மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. மருத்துவர் சோதித்துவிட்டுச் சுற்றிவளைக்காமல் சொன்னார்.

"விழித்திரை பிரிஞ்சுகிட்டு வருதுங்க. நடுப்பாகம் இன்னும் ஒட்டியிருக்குது. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணுனா பார்வையக் காப்பாத்திரலாம். நடுப்பாகமும் பிரிஞ்சுருச்சுன்னா, அப்பறம் ஒட்ட வெச்சாலும் பார்வை திரும்பாது."

கோகிலவாணியின் கணவர் மோகனசுந்தரம் கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு, காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னார். "ஆபரேஷன்... கண்ணு ஆபரேஷன். பணத்தை விடு."

பொறுப்பனின் குரல் எப்போதும்போல் பணிவாக இருந்தது. "கோகிலவாணியின் கண் அறுவைச் சிகிச்சைக் கோரிக்கையைப் பார்த்தேன். இது உயிராபத்து வகையைச் சேர்ந்ததல்ல. உங்கள் குடும்பத்தின் வழக்கப்படி இதைப் பிறகு என்று வைத்திருக்கிறேன். உங்கள் குடும்பப் பணம் சேரும் குடிப்பை நலமாக இருக்கிறது."

"மறுபடியும் கேளுங்க சார்" என்றாள் பணம் வாங்கும் பெண். "சில நேரம் ரெண்டாவது தடவ கேட்டா விட்டுரும்."

ரெண்டாவது தடவையும் விடவில்லை.

ஈரோட்டில் இப்போது பொறுப்பன் இல்லாத வீடு கிடையாது. முதலில் அது வெறும் கணக்கெழுதும் செயலியாகத்தான் வந்தது. பால், கேஸ், பள்ளிக் கட்டணம் என்று செலவைப் பிரித்துக் காட்டும். அடுத்து யோசனை சொல்லத் தொடங்கியது. பொறுப்பன் வைத்த வீடுகளுக்கு வங்கிகள் வட்டியைக் குறைத்தன. கடைசியில் கணவன் சம்பளம், மனைவி சம்பளம் எல்லாம் குடிப்பை என்ற ஒரே பைக்குள் நேராகப் போய் விழ, அந்தப் பையின் வாயில் பொறுப்பன் உட்கார்ந்துகொண்டது. ஆரம்பத்தில் ஒவ்வொரு செலவுக்கும் கேட்கும்: இப்போதா, பிறகா? இரண்டு பொத்தான்கள். வீட்டார் அழுத்த அழுத்த அது படித்துக்கொண்டது. படிக்கப் படிக்கக் கேள்விகள் குறைந்தன. "எங்க வீட்டுல அது எதையுமே கேக்கறதில்லீங்க, எல்லாம் தானாப் பாத்துக்குது" என்று சொல்லிக்கொள்வது ஒரு பெருமையாகவே ஆகிப்போனது.

அதனால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. மஞ்சள் வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டு கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து கத்தும் நிலையில் இருந்த மோகனசுந்தரத்தைக் கரையேற்றியது பொறுப்பன்தான். ஊரில் கந்துவட்டியே இல்லாமல் போனது. பதற்றத்தில் கடன் வாங்கி யாரும் தூக்கில் தொங்கவில்லை. பதற்றத்தில் முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு விதியும் வைத்திருந்தார்கள். பொறுப்பன் சொன்னதை மாற்ற வேண்டுமானால் கணவன், மனைவி இருவரும் சம்மதிக்க வேண்டும். சம்மதித்த பின்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். அதற்கு ஆறுதல் நேரம் என்று பெயர்.

"ரெண்டு நாளா?" என்றாள் கோகிலவாணி. "டாக்டர் இன்னைக்கேங்கறாரு. என்ற சம்பளமும் அந்தப் பையிலதானே போய் விழுகுது? என்ற பங்கை மட்டுமாச்சும் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க."

"பங்குன்னு ஒண்ணும் கிடையாதே கோகிலா. எல்லாம் ஒரே பை."

மோகனசுந்தரம் அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் பதறினார், உடனே அனுப்புவதாகச் சொன்னார். ஐந்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, "எங்க வீட்டுப் பொறுப்பன் உறவுக்கடன் ஆகாதுங்குது தம்பி" என்று தலைகுனிந்த குரலில் சொன்னார். அரசு மருத்துவமனையில் விழித்திரை மருத்துவர் வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். அந்த நாள் நேற்றே போயிருந்தது. பணம் கேட்டபோது பள்ளித் தலைமையாசிரியை அழுதேவிட்டார். அவருடைய பையின் வாயிலும் ஒரு பொறுப்பன்தான் உட்கார்ந்திருந்தது.

அப்போது மோகனசுந்தரத்தின் கைபேசி மணியடித்தது. ஒரு நொடி இருவருக்கும் நம்பிக்கை வந்தது. பொறுப்பன் பேசியது: "பெருந்துறையில் உங்கள் பெரியப்பா பேரன் திருமணத்துக்கு மொய் அனுப்பிவிட்டேன். வழக்கமான தொகையைவிடச் சற்றுக் கூட்டியிருக்கிறேன். அவர்கள் போன முறை உங்களுக்குச் செய்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்."

கோகிலவாணி கணவனின் கையிலிருந்த கைபேசியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். அது உடையவில்லை. கீழே கிடந்தபடி, "வேறு ஏதேனும் உதவி தேவையா?" என்று கேட்டது.

*

இரண்டு நாள் கழித்து அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்திரையை ஒட்டவைத்தார்கள். பார்வை வரவில்லை. கட்டைப் பிரித்த மருத்துவர் விளக்கை அப்படியும் இப்படியும் ஆட்டினார். கோகிலவாணிக்கு வெளிச்சம் இருப்பது தெரிந்தது. வெளிச்சத்தில் எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து மைதானத்துக்குப் போனாள். பள்ளியின் வாலிபால் அணியை மூன்று முறை மாநிலப் போட்டிக்கு அழைத்துப் போனவள் அவள். விசில் ஊதினால் பக்கத்துத் தெருவில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அன்று எதிர்ப்பக்கமிருந்து வந்த ஒரு சாதாரணப் பந்து. கையைத் தூக்கினாள். பந்து கைக்கு வரவில்லை, முகத்துக்கு வந்தது. பந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல இரண்டு கண்கள் வேண்டும் என்பது அவளுக்குப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரியும். மூக்கில் ரத்தம் வழிய இப்போது மறுபடி தெரிந்தது.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்ல, போங்கடி, ஆடுங்க" என்று விரட்டினாள். அடுத்த வாரம் பள்ளி அவளை அலுவலக அறைக்கு மாற்றியது. வருகைப் பதிவு பார்க்கும் வேலை. சம்பளம் குறையவில்லை என்று பொறுப்பன் மகிழ்ச்சியோடு தெரிவித்தது.

அன்றைக்கே அவள் புகார் எழுதினாள்.

*

கோவையில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலகம் கண்ணாடிச் சுவரும் குளிர்ந்த காற்றுமாக இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த அதிகாரி வர்ஷினிக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கோகிலவாணியின் முகத்தைப் பார்த்துப் பேச முயன்று, எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் மேசையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்கு நடந்ததுக்கு நாங்க ரொம்ப வருத்தப்படறோம் மேடம். ஆனா பொறுப்பன் பிழை பண்ணல."

"என்ற கண்ணு போச்சு. பிழை இல்லையா?"

"அது தானா எதையும் முடிவு பண்ணாது மேடம். வீட்டுல இருக்கறவங்க என்ன முடிவெடுப்பாங்களோ அதைத்தான் எடுக்கும். நீங்களே அந்த இடத்துல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்களோ, அது."

"நான் அந்த இடத்துலதானுங்க நின்னுட்டிருந்தேன்! வாய் விட்டுக் கத்திட்டிருந்தேன்!"

வர்ஷினி கொஞ்சம் தடுமாறினாள். "ஒருநாள் கத்தறதை அது கணக்குல எடுத்துக்காது மேடம். பதட்டம்னு தள்ளிவெச்சிரும். வருஷக்கணக்கா என்ன பண்ணியிருக்கீங்கன்னுதான் பாக்கும்." அவள் திரையைத் திருப்பினாள். "உங்க பேருல வந்த செலவுங்க. ஸ்கூல்ல இருந்து கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்காங்க. பிறகு. அடுத்த வருஷம் மறுபடியும் சொல்லியிருக்காங்க. பிறகு. பல் வேர் சிகிச்சை, பிறகு. விளையாட்டு ஷூ, பிறகு. பழைய ஸ்டூடண்ட்ஸ் கூடத் தஞ்சாவூர் டூர், பிறகு. இன்னும் போய்க்கிட்டே இருக்கு மேடம். உங்க பேருன்னாலே இந்த வீட்டுக்குப் பிறகுதான்னு அது படிச்சுக்கிச்சு."

"ஆராச்சும் ஒருத்தரு அழுத்தியிருக்கோணுமல்ல. ஆரு அழுத்துனது?"

வர்ஷினி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். கோகிலவாணி மேசையைத் தட்டினாள். "கேக்கறனல்ல?"

"எல்லாமே உங்க விரல்தான் மேடம்."

பக்கத்து நாற்காலியில் மோகனசுந்தரம் மூச்சை வெளியே விட்டார். நீண்ட மூச்சு. இத்தனை நேரம் அவர் அதைப் பிடித்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தன் தலையில் விழவில்லை என்ற நிம்மதி. ஒரு கண் போனதைவிட அந்த மூச்சுச் சத்தம் அவளை எரித்தது.

"இவரு எனக்கு ஒருநாளும் வேண்டாம்னு சொன்னதில்லீங்க" என்றாள் வர்ஷினியிடம். குரல் மைதானத்துக் குரலாக ஏறியிருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பல்லு வலிக்குதுங்கன்னா 'சரி, பாத்துக்க'ம்பாரு. அவ்வளவுதான். அப்பறம் மூணு நாளைக்கு வீட்டுல ஆருகிட்டயும் பேச்சு இருக்காது. சோத்துல கைய வெச்சுப்போட்டு அப்படியே எந்திரிச்சுப் போயிருவாரு. டிவியப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு, ஆனா பாக்கமாட்டாரு. அந்த மூஞ்சியப் பாக்கறதுக்குப் பல்லு வலியே தேவலைன்னு நான் அழுத்துனேன். அந்த மூஞ்சி உங்க மிஷினுக்குள்ள எங்க இருக்குது? எடுத்துக் காட்டுங்க பாக்கலாம்."

"முகம் பதிவாகாது மேடம். அழுத்தினது மட்டும்தான் பதிவாகும்."

"அப்ப அது எங்க வீட்டக் கணக்கெடுக்கல. என்ற பயத்த மட்டும் கணக்கெடுத்துருக்குது."

வர்ஷினி எதையோ தட்டச்சு செய்தாள். இந்த வாக்கியத்துக்கு எந்தத் தலைப்பு பொருந்தும் என்று தேடுகிறாள்போலிருந்தது.

திரும்பும் வழியில் காரில் பெருந்துறை தாண்டும்போது மோகனசுந்தரம் சொன்னார். "அந்தப் புள்ளைகிட்ட என்னை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். நான் எப்பவாச்சும் வேண்டாம்னு சொன்னனா?"

"சொன்னதே இல்ல. சொல்லியிருந்தா நான் சண்டையாச்சும் போட்டிருப்பேன்."

"நானென்ன வேணும்னேவா மூஞ்சியத் தூக்கறேன்? கடன்காரன் வாசல்ல வந்து நின்னதுல இருந்து, பணம் வெளிய போகுதுன்னாலே வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது. உனக்குன்னு இல்ல."

"அண்ணன் மகனுக்குப் பைக் வாங்கிக் குடுத்தப்ப வயித்துக்குள்ள ஒண்ணும் பண்ணலையே?"

வண்டி தானாக ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வேறு வேலை இல்லாததால் இருவரும் சாலையையே பார்த்தார்கள்.

நிறுவனத்தின் பதில் சில வாரங்களில் வந்தது. நட்ட ஈடு கிடையாது. ஆனால் அவளுடைய புகார் 'மிகவும் மதிப்புமிக்கது' என்று எழுதியிருந்தார்கள். அதன் விளைவாக எல்லாப் பொறுப்பன்களிலும் தன்விருப்பச் சோதனை என்ற புது வசதி சேர்க்கப்படுமாம். பயனர் அழுத்துவது சொந்த விருப்பம்தானா என்று தேவையான இடங்களில் பொறுப்பன் இனிமேல் கேட்டுத் தெளியுமாம். நன்றிக்கு அடையாளமாக ஓராண்டுச் சந்தா தள்ளுபடி.

அதைப் படித்த அன்று கோகிலவாணி அமைப்புப் பக்கத்துக்குப் போய்ப் பாடம் அழித்தல் என்பதைத் தேடிப் பிடித்தாள். பொறுப்பன் இத்தனை ஆண்டும் கற்றதெல்லாம் அழியும், மறுபடி முதலிலிருந்து கேள்வி கேட்கும். கணவனிடம் காட்டிச் சம்மதத்துக்குக் கைரேகை வைக்கச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. மறுக்கிற நிலையில் அவர் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தது ஒரு போர். பல் வேர் சிகிச்சையா? இப்போது. ஷூவா? இப்போது. காலில் போட்டு ஓடப்போவதில்லை என்று தெரிந்தே வாங்கினாள். மோகனசுந்தரத்தின் சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு மொய் வைக்க வேண்டுமா என்று பொறுப்பன் கேட்டபோது, நிதானமாக, பொத்தான் நோகாமல், பிறகு என்று அழுத்தினாள். உறவினர்கள் அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோகிலவாணி அந்த மூஞ்சிக்கு நேரெதிரே உட்கார்ந்து ரெண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள். வயிறு நிறைந்தது. வேறெதுவும் நிறையவில்லை. ஷூ பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை.

*

மகள் தாரிகாவுக்கு ஆவணியில் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை நிரஞ்சன். இருவருக்கும் ஓசூரில் ஒரே மின்வண்டித் தொழிற்சாலையில் வேலை. இருவருமாகப் பார்த்து முடிவு செய்த கல்யாணம். வாடகை வீடு, புதுப் பாத்திரம், புதுப் பொறுப்பன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாரிகா கூப்பிட்டாள். எடுத்தவுடன் கத்தினாள்.

"எனக்கு வாலிபால் கத்துக்குடுத்த. இந்தச் சனியனுக்கு என்னத்தம்மா கத்துக்குடுத்து வெச்சிருக்க?"

"என்னாச்சு கண்ணு?"

"முதுகு வலிம்மா. நின்னுட்டே வேலை. கால் வரைக்கும் இழுக்குது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. அதுகிட்டப் போனா, பிறகுங்குது. நானும் அவரும் இதுவரைக்கும் எதையுமே அழுத்தல. அது வந்து ஒரு வாரம்கூட ஆகல. யாரக் கேட்டு பிறகுங்கறேன்னு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். புது வீட்டுக்கு ஒண்ணும் தெரியாம ஆரம்பிக்க முடியாதாம். விதைப்பாடம்னு ஒண்ணு வெச்சுத்தான் ஆரம்பிக்குமாம். பொண்ணோட பொறந்த வீட்டுல இருந்து எடுத்த பாடம்!"

"நான்தான் எல்லாத்தையும் அழிச்சுட்டனே அம்மிணி."

"எங்க அழிச்ச? இங்க வந்து உக்காந்திருக்குதே!"

கோகிலவாணி கோவை அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள். விடுமுறை நாள் என்றது பதிவுக்குரல். வர்ஷினி தந்திருந்த சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள். வர்ஷினி எடுத்தாள். சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"நீங்க அழிச்சது உங்க வீட்டுல இருந்ததை மட்டும்தான் மேடம். விதை அதுக்கு முன்னாடியே எடுத்தாச்சு. உங்களுது முன்மாதிரி வீடு."

"என்ன வீடு?"

"கடனே இல்ல. சண்டையும் இல்ல. பத்து வருஷத்துல ஒருதடவகூட கணவன் ஒண்ணு, மனைவி ஒண்ணுன்னு எதிரெதிரா அழுத்தினதில்ல. அப்படிப்பட்ட வீடுங்க ரொம்பக் கம்மி மேடம். அதனால உங்க வீட்டுப் பாடத்துக்கு மதிப்பு அதிகம். பொண்ணு வீட்டுக்கு மட்டும் போகல. மேற்கு மாவட்டங்கள்ல புதுசாத் தொடங்கற எல்லா வீட்டு விதையிலயும் அது கலந்திருக்கு."

"கண்ணு போனதுக்கப்பறமுமா?"

"கண்ணு போனது மருத்துவக் கணக்கு மேடம். இது வீட்டுக் கணக்கு." அடுத்துப் பேசியபோது வர்ஷினியின் குரல் தாழ்ந்திருந்தது. "எனக்கும் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. எங்க வீட்டுலயும் அதுதான் இருக்கு."

"உனக்கும் பிறகுன்னு சொல்லுதா?"

வர்ஷினி இணைப்பைத் துண்டித்தாள்.

*

மறுநாளே கோகிலவாணி ஓசூருக்குப் பஸ் ஏறினாள். வழி முழுக்க அந்த எந்திரத்தைத் திட்டிக்கொண்டே போனாள். யார் வீட்டிலோ ஒருத்தி பல் வலியோடு படுத்திருப்பாள். இன்னொருத்தி கண்ணாடி மாற்றாமல் பஸ் நம்பரை அடுத்தவரிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். அவர்களுக்கெல்லாம் தான்தான் பாடம் எடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு வந்தபோது, பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம்தான் குருட்டுக் கண் இருந்தது.

வீட்டில் இருவரும் இருந்தார்கள். தாரிகா நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். நேராக உட்கார முடியவில்லை. நிரஞ்சன் சமையலறை வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். "வாங்க அத்தை" என்று மனதார வரவேற்றான். நல்ல பையன்தான். அதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

"எடு அந்தப் போனை. பாடத்தை அழிக்கலாம்."

"அழிச்சாலும் மறுபடி அதே விதையிலதாம்மா ஆரம்பிக்கும்" என்றாள் தாரிகா. "கேட்டுட்டேன். நாமளே அழுத்தி அழுத்தித்தான் மாத்தணும். நேத்து பூராக் கத்துனதுல, சரி, முடிவை உங்ககிட்டயே விடறேன்னு இன்னைக்கு இறங்கி வந்திருக்குது."

அவள் கைபேசியை நீட்டினாள். திரையில் கேள்வி இருந்தது. தாரிகாவின் முதுகு ஸ்கேன்: இப்போதா, பிறகா?

"அப்பறம் என்ன? அழுத்து."

தாரிகா கட்டைவிரலைத் தூக்கினாள். அழுத்தும் முன் தலையைத் திருப்பிச் சமையலறை வாசலைப் பார்த்தாள். ஒரே ஒரு நொடி. நிரஞ்சன் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் இஷ்டம்தான் தாரி. வீட்டு அட்வான்ஸ் பாக்கி ஒண்ணு இருக்குது, பரவால்ல, பாத்துக்கலாம்" என்றான். குரலில் கோபம் இல்லை. தாரிகாவின் கட்டைவிரல் திரைக்கு மேலேயே, பிறகு இருந்த பக்கமாக, கொஞ்ச தூரம் நகர்ந்தது.

"இப்பக் கொஞ்சம் தேவலையாத்தான் இருக்குதும்மா" என்றாள். "அடுத்த மாசம் எடுத்துக்கலாம்..."

கோகிலவாணி பாய்ந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

சமையலறை வாசலுக்குத் திரும்பிய அந்தப் பார்வையை எந்த எந்திரமும் தாரிகாவுக்குக் கொடுக்கவில்லை. எந்த விதையிலும் வைத்து அனுப்பவில்லை. இருபது வருஷம் சாப்பாட்டு மேசையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டது அது.

"அழுத்துடி."

"விடும்மா, வலிக்குது."

"இப்போதுன்னு அழுத்து. அவரப் பாக்காத. திரையப் பாரு."

"அத்தை, நான் ஒண்ணுமே சொல்லலீங்களே" என்று நிரஞ்சன் கத்தியோடு இரண்டடி முன்னால் வந்தான்.

"நீங்க சித்த பேசாம இருங்க மாப்பிள்ளை!"

மகளின் விரலைப் பிடித்து, திரையில் வைத்து, கோகிலவாணியே அழுத்தினாள். இப்போது.

திரை பச்சையாக மாறவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தது. அந்தப் பணிவான குரலில் பொறுப்பன் கேட்டது: "தாரிகா, இது உங்கள் சொந்த விருப்பம்தானா?"

கோகிலவாணிக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. அவள் கண்ணைக் கொடுத்து வாங்கிய தன்விருப்பச் சோதனை. இத்தனை வருஷம் பிறகு என்று அழுத்தியபோதெல்லாம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி.

"ஆமான்னு சொல்லு" என்றாள்.

தாரிகா, அம்மாவின் கை தன் மணிக்கட்டைச் சுற்றியிருப்பதைப் பார்த்தாள். நிரஞ்சனைப் பார்த்தாள். மறுபடி அந்தக் கேள்வியைப் பார்த்தாள். பொய் சொல்லத் தயங்குகிற முகமாக அது இல்லை. உண்மை எதுவென்று தேடிக் கிடைக்காத முகமாக இருந்தது. கழுத்திலிருந்து காது வரை சிவந்துகொண்டு வந்தது.

கையை உதறினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க."

"தாரி..."

"கண்ணு, நான் உனக்காகத்தான்..."

"வெளிய போங்கன்னேன்!"

அது மைதானத்துக் குரல். கோகிலவாணிக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். மாமியாரும் மருமகனும் அடுக்ககத்தின் நடைக்கூடத்துக்கு வந்து நின்றார்கள். பின்னால் கதவு அடைந்தது. நிரஞ்சன் கையில் இன்னும் அரை வெங்காயம் இருந்தது. அவன் கண்களில் நீர் வடிந்தது. வெங்காயத்தாலா வேறெதனாலா என்று அவள் கேட்கவில்லை. எதிர்வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு பொத்தானைத் தனியாக நின்று அழுத்துவதற்கு இவ்வளவு நேரம் ஆகும் என்று கோகிலவாணி நினைத்ததே இல்லை. தான் ஒருநாளும் அப்படித் தனியாக நின்று அழுத்தியதில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

கதவு திறந்தது. தாரிகா செருப்புப் போட்டிருந்தாள். தோளில் பை. சுவரில் ஒரு கையை ஊன்றி, வலிக்கிற காலை மெல்ல வைத்து, இருவருக்கும் நடுவே புகுந்து போனாள்.

"ஸ்கேன் சென்டர் அஞ்சு மணிக்கு மூடிருவாங்க" என்றாள் திரும்பாமல். "யாரும் கூட வர வேண்டாம்."

மின்தூக்கியின் கதவு மூடும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.